சோறு கொடுத்தால் கடன் தீருமா?

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. நம் நாட்டில் தங்கியிருக்கும் ரோகிங்கியா அகதிக் குடும்பங்கள் சிலவற்றின் துயர் துடைப்பதற்காகப் பள்ளிவாசல் வாயிலில் இளைஞர்கள் துண்டு ஏந்தி நின்றார்கள். வயது முதிர்ந்த பெரியவர் ஒருவர், சட்டைப் பையில் இருந்ததை எண்ணிப் பாராமல் அப்படியே எடுத்துத் துண்டில் இட்டார். பிறகு என்னருகே வந்து, "ஹஜ்ரத், என்னால் இயன்றதைக் கொடுத்துவிட்டேன். இத்துடன் நம் கடன் தீர்ந்தது அல்லவா?" என்று கேட்டார்.

அவருடைய ஈகையை அல்லாஹ் கபூல் செய்ய வேண்டுமென்று துஆச் செய்து விடை கொடுத்தேன். ஆனால் அவர் கேட்ட வினா என்னை விட்டு அகலவில்லை. சோறும் துணியும் கொடுத்துவிட்டால், துன்புற்ற ஒரு சமுதாயத்திற்கு ஏனைய மனிதர்கள் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? தீராது என்பதே என் துணிபு. அன்று அப்பெரியவருக்குச் சொல்லாது விட்ட விடையை இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

பெயரைப் பறித்த சட்டம்

மியான்மர் என்று இன்று வழங்கும் பர்மா நம்மவர்க்குப் புதிய நாடன்று. ரங்கூனில் சபராளியாக இருந்து பொருளீட்டிய பாட்டனாரைப் பற்றிய பேச்சு நம் ஊர்களில் பல வீடுகளில் இன்றும் உண்டு. 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, 1964-இல் கடைகளையும் வாணிபத்தையும் அரசுடைமையாக்கியபோது, இந்துக்களும் முஸ்லிம்களுமாகத் தமிழர் பல்லாயிரவர் வெறுங்கையராய்க் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரையை அடுத்துள்ள பர்மா பஜார் அந்தத் துயரத்தின் நினைவுச் சின்னமாகும். எனினும் அவர்களுக்குத் திரும்பி வர ஓர் ஊர் இருந்தது. 'இவர் எங்கள் பிள்ளை' என்று ஏற்றுக்கொள்ள ஒரு நாடு இருந்தது. அதே பர்மாவின் மேற்கு எல்லையில், அரக்கான் பகுதியில் வாழ்ந்த ரோகிங்கியா முஸ்லிம்களுக்கு அதுவும் இல்லாது போயிற்று.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1948-இல் பர்மா விடுதலை பெற்றபின் அவர்கள் வாக்களித்தார்கள், நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்கள். பிரதமர் ஊ நூ அவர்களின் அமைச்சரவையில் சுல்தான் மஹ்மூத் என்ற அரக்கான் முஸ்லிம் சுகாதார அமைச்சராகப் பணியாற்றினார். 1960-களின் தொடக்கத்தில் அரசு வானொலியிலேயே ரோகிங்கியா மொழியில் நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று.

பின்னர், இராணுவ ஆட்சியின்போது 1982-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823-ஆம் ஆண்டிற்கு முன்பே அந்நாட்டில் வேரூன்றியவை என்று அரசு ஒப்புக்கொண்ட இனங்களுக்கே முழுக் குடியுரிமை என அச்சட்டம் வகுத்தது. அரசு பின்னர் வெளியிட்ட 135 இனங்களின் பட்டியலில் ரோகிங்கியா என்ற பெயர் இல்லை. பாட்டனும் பூட்டனும் உழுத நிலத்திலேயே அவர்கள் அந்நியர் ஆக்கப்பட்டார்கள். 'வங்காளிகள்' என்ற சொல்லே அரசின் வாயில் அவர்களுக்குப் பெயராயிற்று. 2014-இல் குடிக்கணக்கு எடுத்தபோது, தம்மை ரோகிங்கியா என்று சொன்னவர்களைக் கணக்கில் எழுதாமலே அலுவலர்கள் அடுத்த வீட்டுக்குச் சென்றார்கள்.

அன்பர்களே! துவேஷம் எடுத்த எடுப்பில் வாளைத் தூக்குவதில்லை. முதலில் எழுதுகோலை எடுத்து ஒரு பெயரை அடிக்கிறது. பெயர் அடிபட்ட பிறகு, அந்த மனிதனை வெட்டுவதும் விரட்டுவதும் எளிதாகிவிடுகின்றன.

வாக்குச் சீட்டில் நேர்ந்த குறை

வெள்ளை அட்டை எனப்படும் தற்காலிக அட்டைகளை வைத்துக்கொண்டு 2010 தேர்தலில் ரோகிங்கியாக்கள் வாக்களித்தார்கள். 2015 மார்ச் 31-ஆம் தேதியுடன் அந்த அட்டைகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் அவர்கள் வாக்காளர்களும் அல்லர், வேட்பாளர்களும் அல்லர். பதவியில் இருந்த ரோகிங்கியா உறுப்பினர் ஒருவரின் வேட்புமனுவே தள்ளப்பட்டது. ஆங் சான் சூச்சி அம்மையாரின் கட்சி முஸ்லிம் வேட்பாளர் ஒருவரைக்கூட நிறுத்தாமல் பெருவெற்றி பெற்றது. பல ஆண்டுகள் வீட்டுச் சிறையில் வாடிய அம்மையார் வென்றார் என்று உலகம் கொண்டாடியது. அன்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். பட்டியலில் யார் பெயர் இல்லை என்று நான் கேட்கவில்லை.

2017 ஆகஸ்ட் 25 அன்று ஆயுதமேந்திய ரோகிங்கியாக் குழு ஒன்று காவல் நிலையங்களைத் தாக்கியது. அதனைக் காரணமாகக் காட்டி இராணுவம் ஊர்களைக் கொளுத்திற்று. சில மாதங்களுக்குள் 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றைக் கடந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தார்கள். 2019 டிசம்பரில் திஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில், அந்த இராணுவம் நின்ற தரப்பில் வாதாட எழுந்தவர் அதே சூச்சி அம்மையார்தான்.

இதனைச் சுட்டிக்காட்டி, "ஜனநாயகம் என்பதே வீண், பெரும்பான்மையோரின் அடக்குமுறைக்கு அது மறுபெயர்" என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. இக்கூற்றை நான் ஒப்பவில்லை. உரிமையைப் பறித்த சட்டத்தை இயற்றியது மக்கள் மன்றமன்று; ஒரு சர்வாதிகாரியின் ஆட்சி. மக்கள் வாக்களித்ததால் இந்தக் கேடு விளையவில்லை. மக்களுள் ஒரு பகுதியினரை வாக்களிக்க விடாததால் விளைந்தது. தம் காரியங்களைத் தமக்குள் கலந்து நடத்துவோரைத் திருமறை (42:38) புகழ்கின்றது. கலந்தாலோசனை என்றால், முடிவினால் பாதிக்கப்படுபவன் அவையில் இருக்க வேண்டும். அவனை வெளியே நிறுத்திக் கதவை அடைத்துவிட்டு உள்ளே எத்தனை பேர் கை தூக்கினாலும் அது ஆலோசனை ஆகாது.

இதற்குக் காலமே சான்று பகர்ந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கவர்ந்து, வென்றவர்களைச் சிறையில் தள்ளியது. தப்பியவர்கள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசாங்கம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிலே ரோகிங்கியா என்ற பெயரைச் சொல்லி, 1982-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வேறு சட்டம் கொண்டு வருவதாக உறுதி கூறியது. தம்முடைய வாக்கும் பறிபோன பிறகே பிறருடைய வாக்கின் அருமை தெரிந்தது! இராணுவமோ 2024-இல் கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, குடிமக்களே அல்லர் என்று தான் ஒதுக்கிய ரோகிங்கியா இளைஞர்களைப் பிடித்துச் சென்று போர்முனையில் நிறுத்தியது. வாக்குச் சீட்டுக்குத் தகுதியற்றவை என்று சொல்லப்பட்ட கைகள் துப்பாக்கிக்கு மட்டும் தகுதியுடையவை ஆயின.

உதவியே சவுக்காகும் வேளை

இனி, உதவியைப் பற்றிப் பார்ப்போம். தன் மக்களுக்கே இடம் போதாத வங்கதேசம் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட அகதிகளுக்கு இடம் கொடுத்தது. இந்தக் கொடையை உலகம் மறக்கலாகாது. செல்வ நாடுகளும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் உணவும் மருந்தும் அனுப்பின. அவர்களுடைய நன்மையையும் நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் உரிமையில்லாதவன் பெறும் உதவி எத்தனை நிலையற்றது என்பதைக் கவனியுங்கள். 1978-இலும் இதே மக்களுள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் வங்கதேசத்திற்கு ஓடி வந்தார்கள். அவர்கள் திரும்பிச் செல்ல அஞ்சினார்கள். முகாம்களில் உணவு சுருங்கிற்று. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். அப்போது அங்கே ஐ.நா. அகதிகள் அமைப்பின் பொறுப்பில் இருந்த அதிகாரி ஒருவரே இதனை எழுதி வைத்துள்ளார். எஞ்சியவர்கள் பசி தாளாமல் எல்லையைத் திரும்பக் கடந்தார்கள். சோறு போட்ட கையே சவுக்கையும் எடுத்தது.

நம் காலத்திலோ, உலக உணவுத் திட்டம் முகாமில் உள்ள ஒருவருக்கு மாதம் 12 டாலர் மதிப்புள்ள உணவு வழங்கி வந்தது. கொடுக்கும் நாடுகள் கையைச் சுருக்கியதால் அது 2023 மார்ச் மாதத்தில் 10 டாலராகவும், ஜூன் மாதத்தில் 8 டாலராகவும் குறைந்தது. நாள் ஒன்றுக்கு 27 சென்ட் என்று கணக்காகிறது. பின்பு அது உயர்த்தப்பட்டது. 2025 தொடக்கத்தில் மீண்டும் 6 டாலராகக் குறைக்க நேரிடும் என்ற அறிவிப்பு வந்து, இறுதி வேளையில் நிதி கிடைத்ததால் தவிர்ந்தது. அவ்வாண்டு அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பையே கலைத்தது. நிதி வறண்டு, முகாம்களில் குழந்தைகளின் கற்றல் நிலையங்கள் மூடப்பட்டன. எங்கோ ஒரு தலைநகரில் ஒருவர் மனம் மாறினால், இங்கே ஒரு தாய் பானையில் இடும் அரிசி குறைகிறது. அந்தத் தாய்க்கு அதைத் தட்டிக் கேட்க வாக்கில்லை. உழைத்துச் சம்பாதிக்கலாம் என்றால் முறையாக வேலை செய்ய அனுமதியில்லை. முகாமைச் சுற்றிலும் முள்வேலி.

நஜ்ஜாஷி காட்டிய நீதி

இங்கே நம் வரலாற்றின் முதல் அகதிகளை நினைவு கூர்வது பொருந்தும். மக்காவின் கொடுமை தாளாது நபித்தோழர்கள் சிலர் ஹபஷா நாட்டிற்குச் சென்றார்கள். அவர்களைப் பிடித்துவரக் குறைஷியர் அம்ரிப்னுல் ஆஸ், அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆ ஆகிய இருவரைத் தூதனுப்பினார்கள். தூதர்கள் முதலில் அரசவையினருக்குப் பரிசுகளைக் கொடுத்து வசப்படுத்தினார்கள். அவர்கள் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? வந்தவர்களைப் பேச விடாமலே ஒப்படைத்துவிட வேண்டும் என்பதுதான். அவையோர் அதற்கு இசைந்தார்கள். ஆனால் நஜ்ஜாஷி மன்னர், தம்மை நம்பி வந்தவர்களின் வாய்மொழியைக் கேளாமல் எதுவும் செய்வதற்கில்லை என்று மறுத்துவிட்டார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எழுந்து தம் மக்களின் வரலாற்றை எடுத்துரைத்தார்கள். கேட்ட பிறகே மன்னர் தீர்ப்பளித்தார்.

மன்னர் கிறிஸ்தவ சமயத்தவர். வந்தவர்கள் வேறு மார்க்கத்தார். எனினும் அடைக்கலத்துடன் அவைமுன் பேசும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார். துவேஷம், "இவர்களைப் பேச விடாதே" என்கிறது. நீதி, "முதலில் இவர்கள் பேசட்டும்" என்கிறது.

மதீனாவில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரியான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். இவர்களோ, கொடையாளருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று காட்டும்படி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். மதீனாவின் பெருமை பாதிச் செல்வத்தைக் கொடுக்க முன்வந்ததோடு முடியவில்லை. கடைத்தெருவின் வழியை வந்தவருக்கு மறைக்கவில்லை அன்றோ? இன்று முகாமில் இருக்கும் இளைஞன் நம்மிடம் கேட்பதும் அந்த வழியைத்தான்.

சிறிய நாட்டின் பெரிய துணிவு

இக்காலத்திலும் நஜ்ஜாஷியின் அவையைத் தேடித் தந்தது ஒரு சிறிய நாடு. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியா செல்வத்தில் மிகச் சிறியது. 22 ஆண்டுகள் அதனைத் தன் பிடியில் வைத்திருந்த சர்வாதிகாரி யஹ்யா ஜாமேவை அந்நாட்டு மக்கள் 2016 டிசம்பரில் வாக்குச் சீட்டால் தோற்கடித்தார்கள். புதிய அரசின் நீதி அமைச்சர் அபூபக்கர் தம்பாது, ருவாண்டா இனக்கொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் முன்பு பணியாற்றியவர். 2018-இல் அவர் காக்ஸ் பஜார் முகாம்களுக்குச் சென்று அம்மக்களின் கதையைக் காதால் கேட்டார். 2019 நவம்பரில் காம்பியா, மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ரோகிங்கியாக்களைப் பாதுகாக்க வேண்டுமென்று 2020 ஜனவரி 23 அன்று அந்நீதிமன்றம் ஒருமனதாக இடைக்கால ஆணை பிறப்பித்தது. மியான்மரின் பூர்வாங்க ஆட்சேபணைகள் 2022 ஜூலையில் தள்ளப்பட்டன.

காம்பியா கப்பல் நிறைய அரிசி அனுப்பவில்லை. அதற்கு அந்த வசதியும் இல்லை. அனுப்பியது ஒரு வழக்கு மனு. அதன் பயனாக, பெயர் மறுக்கப்பட்ட ஒரு மக்கள் உலகின் உயர்ந்த நீதிமன்றத்தில் பெயர் சொல்லி விசாரிக்கப்பட்டார்கள். அடிமைத்தளையை அண்மையில் அறுத்த ஒரு ஜனநாயகம் இன்னொரு மக்களின் தளையைக் கண்டுகொண்டது.

நம் உள்ளத்தையும் சோதிப்போம்

இவ்வளவும் படித்த பின்னர், பௌத்தர்கள் அனைவரும் கொடியவர் என்று ஒருவர் முடிவு கட்டுவாராயின், அவர் பாடத்தைத் தலைகீழாகப் படித்தவர் ஆவார். பகைவரிடத்தும் நீதி பிறழலாகாது என்பது திருமறை (5:8) இடும் கட்டளை. 2013 மார்ச் மாதத்தில் மெய்க்திலா நகரில் முஸ்லிம்களைக் கும்பல்கள் வெட்டிச் சாய்த்தபோது, ஒரு பௌத்த மடத்தின் தலைவர் நூற்றுக்கணக்கான முஸ்லிம்களைத் தம் மடத்திற்குள் வைத்துக் காத்தார். கும்பல் வாயிலுக்கே வந்து கேட்டும் அவர் ஒப்படைக்கவில்லை. அவரும் நஜ்ஜாஷியின் வழி நின்றவரே.

மறைக்கலாகாத மற்றொன்றும் உண்டு. 2017 ஆகஸ்டில், மேலே சொன்ன ஆயுதக் குழுவினர் அரக்கானில் 99 இந்துக்கள் வரை கொன்றனர் என்று அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2018 மே மாதத்தில் அறிவித்தது. அக்குழு அதனை மறுத்தது. எனினும், கொல்லப்பட்ட அந்தப் பெண்களும் பிள்ளைகளும் 'நம்மவர் அல்லர்' என்பதற்காக நம் கண் கசியாதென்றால், நம் கண்ணீர் மனிதாபிமானம் அன்று, வெறும் இனப்பற்று.

இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைப் பாருங்கள். 2015 மே மாதத்தில், நாடுகளின் கடற்படைகள் அகதிப் படகுகளைத் திருப்பி விரட்டிக்கொண்டிருந்தபோது, அந்த முஸ்லிம் மீனவர்கள் நூற்றுக்கணக்கானோரைக் கரை சேர்த்தார்கள். 2004 ஆழிப்பேரலையில் உலகம் தமக்குச் செய்த உதவியை அவர்கள் மறக்கவில்லை. அதே ஆச்சேயில், 2023 டிசம்பர் 27 அன்று மாணவர் கூட்டம் ஒன்று, பந்தா ஆச்சே நகரில் ரோகிங்கியாப் பெண்களும் பிள்ளைகளும் தங்கியிருந்த மண்டபத்தில் புகுந்து கூச்சலிட்டு, அவர்களை வெளியேற்றும்படி மிரட்டியது. எட்டே ஆண்டுகளில் என்ன நேர்ந்தது? கைப்பேசிகளில் பரவிய வதந்திகள் விஷத்தைத் தூவின. கலிமா சொன்னவர்களின் பிள்ளைகளே கலிமா சொன்னவர்களை விரட்டினார்கள். துவேஷத்திற்கு மதமில்லை. காவல் இல்லாத எந்த உள்ளத்திலும் அது குடியேறும்.

ஆகவே, பெரியவர் கேட்ட வினாவுக்கு என் விடை இதுதான். துண்டில் இட்ட பணம் கடனின் முதல் தவணை. அதனைக் கொடுக்காமல் மற்றதைப் பேசுவது பாவம். அதனைக் கொடுத்துவிட்டு மற்றதை மறப்பது குறை. கொடுத்த கை, அந்த மக்களைப் பற்றி வரும் பொய்ச் செய்தியைப் பிறருக்கு அனுப்பாமலும் இருக்க வேண்டும். செய்தி வந்தால் விசாரித்தறியும்படி திருமறை (49:6) பணித்திருக்கிறதே! அவர்களுடைய பெயரை அவர்கள் சொல்லும் விதமாகவே நாம் சொல்ல வேண்டும். வாக்குக் கேட்டு நம் வாயிலுக்கு வருவோரிடம், நமக்கு வேண்டியதைக் கேட்பதோடு, வாக்கே இல்லாதவர்களுக்காகவும் ஒரு சொல் சொல்ல வேண்டும்.

வீட்டிற்கு அருகிலும் ஒரு சோதனை இருக்கிறது. நம் மஹல்லாவில் ஜகாத் பெறும் ஏழைக்கு, ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து பேச இடமுண்டா? அவருக்கு எது தேவை என்று அவரிடமே நாம் என்றேனும் கேட்டதுண்டா? அரிசி மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும் நாம், அவர் பேச வாயெடுக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறோம். அங்கே கேட்கப் பழகாத செவி, நாஃப் ஆற்றங்கரையின் குரலை எவ்வாறு கேட்கப் போகிறது?

பசித்தவனுக்கு உணவும், பேச வந்தவனுக்குச் செவியும், உழைக்க நினைப்பவனுக்கு வழியும் கொடுக்கும் நல்லிதயத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! வீடிழந்த அந்த மக்களைத் தம் ஊரில், தம் பெயருடன், அச்சமின்றி வாழச் செய்வானாக! ஆமீன்.